சாம்பிள் சக்கரம்

ஒரகடம் பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் என்னைப் பற்றிக் கேட்டால் நல்லதாக ஒரு வார்த்தை வராது. கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நான் வெண்டார் குவாலிட்டி பார்க்கிறேன். வெளியே இருக்கும் சின்னப் பட்டறைகள் செய்து அனுப்பும் சாமான்கள் எங்கள் லைனுக்குள் போவதற்கு முன்னால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதும், சரியில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றுவதும் என் பிழைப்பு. சேர்ந்த நாளிலிருந்து எல்லாப் பட்டறையிலும் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தேன். "சொந்த மூளைய வூட்ல வச்சிட்டு வாங்க. சாம்பிள் எப்படியோ, சாமான் அப்படி."

கல்யாணமாகிப் போய், சரிப்படாமல் திரும்பி வந்தவள் நான். அந்தக் கதை இங்கே வேண்டாம். மணிமங்கலத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. கதவு இரண்டு, சீட்டு இரண்டு, கரும்பச்சை நிறம். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. வயதில் எனக்கு மூத்தது. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் ஒரு தடவையாவது நின்று பார்த்துவிட்டு, யாரோ சினிமாக்காரர் வீடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் அப்பா லுங்கியோடு வெளியே வருவார். சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்பா டிரைவர். சென்னையில் பெரிய வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்த ஒருவருக்கு எங்கள் ஊரில் தோட்டமும் பங்களாவும் இருந்தன. அப்பா அவரை ஐயா என்பார், அதனால் எங்களுக்கும் அவர் ஐயா. அப்பா ஓட்டியது ஐயாவின் பெரிய காரை. இந்தச் சின்னக் காரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயாவேதான் ஓட்டுவார். இதைக் கழுவித் துடைத்து வைப்பது மட்டும் அப்பாவின் வேலை. ஐயா காலமானதும், வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் தோட்டத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றார்கள். காரை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, இத்தனை வருஷம் துடைத்தவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, அப்பா பேருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆர்.சி. புத்தகத்தில் தன் பெயரைப் பார்த்த அன்று அப்பா சாப்பிடவில்லை.

பெயர் மாறியதே தவிர வண்டி தெருவில் இறங்கவில்லை. அதன் சக்கரங்கள் அலாய் சக்கரங்கள், எட்டு ஆரம் வைத்தவை. வயதாகி ஓரமெல்லாம் வெள்ளை பூத்துப் போயிருந்தன. ஒன்றில் ஆரத்தின் அடியில் கண்ணுக்குத் தெரிகிற விரிசலே இருந்தது. அப்பா வண்டியை செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி வைத்துவிட்டு, வாரம் ஒரு தடவை இன்ஜினை மட்டும் ஓடவிட்டு அணைப்பார். ரிடையர் ஆனபின் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ரிடையரும் ஆனார். சக்கரத்துக்கு என்ன அவசரம் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்ச நாளில் திரும்பியது. ஞாபகம் மட்டும் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. சில நாள், ஐயா உள்ளே தூங்குகிறாரா என்று கேட்பார். ஐயா போய்ப் பல வருஷமாகிறது என்று சொன்னால், "தெரியும்மா, சும்மா கேட்டேன்" என்று வெட்கப்பட்டுக்கொள்வார். உடற்பயிற்சி சொல்லித்தர வந்தவரை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வரும்.

ஒருநாள் காலையில் திடீரென்று அவரே பேசினார்.

"வண்டிக்கு சக்கரம் போட்டன்னா நான் ஓட்டுவன்."

"க்ளட்ச் மிதிக்க இடது கால் வேணும்பா."

"கால தேத்திக்கிறன். நீ சக்கரத்த பாரு. என் வண்டிய ஒரு தபாவாது நான் ஓட்டணும்."

அன்றைக்கே ஆரம்பித்தார். கட்டிலை இழுத்துப் போடச் சொல்லி, படுத்தபடியே இடது பாதத்தைச் சுவரில் வைத்து அழுத்துவார். விடுவார். திரும்ப அழுத்துவார். க்ளட்ச் மிதிக்கிறாராம். சில வாரங்களில் சுவரில் அந்த இடம் அழுக்கேறிப் பாதத்தின் அச்சு விழுந்துவிட்டது. பயிற்சிக்காரர் அசந்து போனார். அப்பா எழுந்து உட்கார்ந்தார், வாக்கரைப் பிடித்து நின்றார், கூடம் வரை நடந்தார். எல்லாம் வராத சக்கரத்தை நம்பி. ரோட்டில் ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ரோட்டில்தானே கூடாது? ஐயாவின் தோட்டம் இப்போது லேஅவுட்டாகிக் கிடக்கிறது, பாதி மனை விற்கவில்லை, நடுவில் நல்ல தார்ச்சாலை, ஆள் நடமாட்டம் கிடையாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கியரை மாற்றிக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கில் கையை வைத்துக்கொண்டால் ஒரு சுற்று வரலாம். நான் முடிவு பண்ணிவிட்டேன்.

ஆழம் தெரியாமல்தான் காலை விட்டேன். சாமானைத் தள்ளிப் பழகியவளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இவ்வளவு பெரிய வேலை என்று தெரியாது.

முதலில் படப்பையில் ஒரு கடை. அப்பாவும் வருவேன் என்று அடம் பிடித்ததால் ஆட்டோவில் கூட்டிப்போனேன். சுவர் முழுக்க சக்கரங்களை மாட்டி விளக்கு போட்டிருந்தார்கள். கடைக்காரர் பளபளவென்று கறுப்பாக ஒன்றை எடுத்துவந்து அப்பாவின் மடியில் வைக்காத குறையாகக் காட்டினார்.

"அங்கிள், இத பாருங்க. இப்ப எல்லாரும் இதான் போடறாங்க. வண்டி சும்மா கெத்தா நிக்கும்."

"இது இன்னாயா, மிக்ஸி பிளேடு மாதிரி கீது?" என்றார் அப்பா.

கடைக்காரர் சிரித்துவிட்டார். நோய் வந்த பிறகு அப்பா கிண்டல் பண்ணி அன்றுதான் கேட்டேன். இந்த மனிதருக்கு எப்பாடு பட்டாவது சக்கரம் போட்டுவிட வேண்டும் என்று அந்தக் கடையில் நின்றுகொண்டே நினைத்தேன்.

ஆனால் எதுவும் பொருந்தவில்லை. இப்போது வருகிற சக்கரமெல்லாம் பெரிது, அந்தக் காருக்குப் போட்டால் குழந்தைக்கு அப்பன் செருப்பை மாட்டினது போல இருக்கும். சின்ன அளவில் இருந்தவற்றுக்கு போல்ட் ஓட்டைகள் வேறு இடத்தில். வெளிநாட்டில் ஒருத்தர் இதே காரின் பழைய சக்கரங்களை விற்பதாக இணையத்தில் படம் போட்டிருந்தார். படத்தில் அழகாகத்தான் இருந்தன. போட்டோவைத் தட்டிப் பார்த்து விரிசல் கண்டுபிடிக்க முடியுமா? வேண்டாமென்று விட்டேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. "இரும்பு ரிம்மு போட்டா வண்டி ஓடாதா? கொண்டைக்கு பூ தேடறாப்பல அலையறீங்களே அப்பனும் பொண்ணும்." அப்பா அன்று சோற்றைத் தொடவில்லை. இரும்புப் பேச்சை அம்மா அதற்கப்புறம் எடுக்கவில்லை.

வாலாஜாபாத் சாலையில் பழைய சாமான் விற்கும் ஒரு இடத்தில்தான் வகையாக மாட்டிக்கொண்டேன். அங்கே எட்டு ஆரம் வைத்த சக்கரம் ஒரு செட்டே கிடந்தது. அதே உயரம், அதே வெள்ளி நிறம். அப்பா வாக்கரை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் டேப்பையும் காலிப்பரையும் எடுத்து அளந்தேன். போல்ட் ஓட்டைகள் நிற்கும் வட்டம் சில மில்லிமீட்டர் தள்ளி இருந்தது.

"கொஞ்சூண்டு தான மேடம் வித்தியாசம். போல்ட்ட போட்டு டைட் பண்ணா தானா இழுத்துக்கும்" என்றார் கடைக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இழுத்துக்கொண்டு மாட்டிய போல்ட் ஓடும்போது ஒவ்வொன்றாகத் தளரும், சக்கரம் தனியாகக் கழன்று ஓடும், இதெல்லாம் தெரியாமல் கடை வைத்திருக்கிறீர்களா என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். கத்தி முடித்துவிட்டுத் திரும்பினால், அப்பா இன்னும் அதைப் பிடித்தபடியே நின்றுகொண்டு, திருவிழாக் கடையில் பொம்மையை விடாத குழந்தை போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்பா" என்றேன். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அன்றைக்குச் சுவரில் கால் வைக்கவில்லை.

இனிமேல் செய்வதுதான் ஒரே வழி என்று தெரிந்தது. இந்தப் பக்கத்தில் எதைக் கேட்டாலும் செய்து கொடுக்கும் மெஷின்கள் இருக்கின்றன. கொடுக்க ஒரு சாம்பிள் மட்டும் வேண்டும். பழைய நாலு சக்கரத்தையும் கழற்றிக் கழுவினேன். சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் தூவினால், உள்ளே விரிசல் இருக்கும் இடத்தில் சாயம் கசிந்து கோடாகத் தெரியும். மூன்று சக்கரங்களில் ரத்தக் கீறல் போலக் கோடுகள் வந்தன. ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தது. முன்பக்கம் இடது சக்கரம். அதன் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு பழைய வெட்டு, எதன் மீதோ இடித்த காயம். மற்றபடி வடிவம் அப்படியே இருந்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத வுட்டுடு. வேற எதுனா ஒண்ண குடு."

"மத்ததுல எல்லாம் விரிசல்பா. விரிசல் விட்டதுல அளவு சரியா வராது."

"அது வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் என்னிடம் எடுபடாது. அதே சக்கரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தச் சக்கரத்தில் என்ன என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சொன்னாள்.

"நீ அப்ப கைக்கொழந்த. ஐயா மொத மொதலா இந்த வண்டி சாவிய உங்கப்பா கைல குடுத்து, தாம்பரத்துல பெட்ரோல் போட்டுகினு வான்னாரு. சந்தோசத்துல மனுசனுக்கு கால் தரைல நிக்கல. போய்ட்டு நல்லாதான் வந்தாரு. தோட்டத்து கேட்ல திருப்பறப்ப ஓரத்து கல்லுல சக்கரம் இடிச்சிடுச்சி. ஒருத்தரும் பாக்கல. இவரா போய் சொன்னாரு."

"திட்டினாரா?"

"திட்டி இருந்தா ரெண்டு நாள்ல மறந்துடுமே. ஒண்ணும் சொல்லல. சாவிய குடுன்னு கைய நீட்னாரு. அவ்ளோதான். சாவறவரைக்கும் திரும்பி குடுக்கல."

அப்பா அந்த வண்டியை ஓட்டியது அந்த ஒரே தடவைதான். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை கழுவி முடித்ததும், வண்டியைக் கையால் கொஞ்சம் உருட்டி, வெட்டு தரைப்பக்கம் போகும்படி நிறுத்தி வைப்பாராம். ஐயா கண்ணில் பட்டு அவர் மனசு வருத்தப்படக் கூடாது என்று. ஐயா போய், வண்டி செங்கல்மேல் ஏறிய பிறகும், அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றி அப்படியே வைப்பாராம். எத்தனை வருஷம்! நான் பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போய், கல்யாணமாகி, திரும்பி வந்து, அத்தனை காலமும் என் அப்பா ஒரு நக அளவு வெட்டைத் தரைக்குத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். செத்துப்போன மனிதர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. ஆனாலும் பட்டேன். கூடவே ஒரு திருப்தியும் வந்தது. புதுச் சக்கரத்தில் அந்த வெட்டு இருக்காது. அப்பா ஓட்டப்போவது காயமில்லாத வண்டி.

பென்னலூரில் ஒரு பட்டறைக்காரர் எனக்குத் தெரிந்தவர். முன்பு எங்கள் கம்பெனிக்குச் சாமான் போட்டவர். ஒரு தடவை, ஒரு பாகத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறது, எடுத்து மாட்டுகிறவர் கையைக் கிழிக்கும் என்று, தானாகவே அதை மழுக்கி அனுப்பினார். சாம்பிளில் அப்படி இல்லை. வந்த லாட் முழுவதையும் நான் திருப்பி அனுப்பினேன். "உங்கள யார் யோசிக்க சொன்னது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

நான் போய் நின்றதும் அவர் எழுந்துவிட்டார். "இன்னா மேடம், இங்கயே வந்து ரிஜெக்ட் பண்ணலாம்னு வந்துட்டீங்களா?" கிண்டல்தான், ஆனாலும் குரலில் பழைய பயம் கொஞ்சம் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அப்பா, பக்கவாதம், கார். வெட்டின் கதையைச் சொல்லவில்லை. வீட்டு மானத்தைப் பட்டறையில் எதற்குப் பேசுவது? அவர் உடனே ஒத்துக்கொண்டார். அடித்து இறுக்கிய அலுமினியக் கட்டி வாங்கி, மெஷின் சும்மா நிற்கும் நேரத்தில் கடைந்து தருகிறேன் என்றார். சக்கரத்தை ஸ்கேனரில் வைத்து வடிவம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"எதுனா மாத்தணுமா மேடம்?"

வாயில் ஊறிப்போன பாட்டு தானாக வந்தது. "ஒரு மயிரிழை மாறக் கூடாது. சாம்பிள்படி." பழக்க தோஷத்தில் பையிலிருந்து சாம்பிள் அட்டை ஒன்றை எடுத்து, கையெழுத்துப் போட்டு, கம்பியால் ஆரத்தில் கட்டியும் கொடுத்தேன்.

காத்திருந்த நாட்களில் அப்பா நன்றாகத் தேறினார். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்தார். ஒரு சாயங்காலம் லேஅவுட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். மஞ்சள் பூசிய மனைக் கற்கள், நடுவில் புல் முளைத்துக் கிடந்தது. பங்களா இருந்த இடம் அவருக்கே பிடிபடவில்லை. கேட் எங்கே இருந்தது என்று கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டித் தேடினார். கிடைக்கவில்லை. அதில் அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று சொல்லத் தெரியவில்லை.

சக்கரம் தயார் என்று போன் வந்ததும் அளவுக்கருவிகளோடு போனேன். மேஜையில் உள்பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்திருந்தார்கள். போல்ட் வட்டம், நடு ஓட்டை, சுற்றும்போது ஆட்டம், எல்லாம் ஊசிமுனைக்குச் சரியாக இருந்தன. அவர்கள் போட்ட டிராயிங்கில் ஒவ்வொரு அளவுக்கும் எண் கொடுத்திருந்தார்கள். ஒரு எண்ணுக்கு நேரே விளிம்பில் ஒரு சிறு குழிவு, அதன் நீளம், ஆழம், எவ்வளவு கூடலாம் குறையலாம் என்று எழுதி, பக்கத்தில் ஓ.கே. போட்டிருந்தார்கள். எண்கள் சரியாக இருந்தன. நானும் டிக் அடித்தேன். டிராயிங்கில் இருக்கிறதா, அப்படியானால் சரி. என் கண்ணை நானே பழக்கி வைத்திருந்தது அப்படி. ஃபோம் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் கைகூப்பி நன்றி சொன்னேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பஞ்சர் கடைக்காரர் டயரை ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நானே ஜாக்கி வைத்து மாட்டினேன், ஓட்டைகள் பொருந்துகிறதா என்பதைத் தவிர வேறெதிலும் கண் போகவில்லை. போல்ட்டை எதிரெதிராக முடுக்கி, செங்கல்லை எடுத்தேன். வண்டி தன் காலில் நின்றது. அம்மா நாலு டயருக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரத் தட்டோடு தயாராக இருந்தாள். உள்ளே அப்பா தானே சவரம் செய்துகொண்டு, பழைய வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கையைத் துடைத்துக்கொண்டு, அழகு பார்க்கலாம் என்று நாலடி பின்னால் வந்து நின்றேன். வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. முன் சக்கரத்தின் விளிம்பில், உச்சியில், ஏதோ மின்னியது. கிட்டே போனேன். வெட்டு. நக அளவுக்கு, அதே வெட்டு. இப்போது அது காயமாகக்கூட இல்லை, வழவழவென்று கடைந்து பாலிஷ் போட்டு அழகாக இருந்தது. பின் சக்கரத்தைப் பார்த்தேன். அதிலும் இருந்தது, பக்கவாட்டில். அந்தப் பக்கம் ஓடினேன். அங்கேயும் இரண்டு. ஈயடிச்சான் காப்பி என்று கேலிக்குச் சொல்வார்கள். நாலு ஈயை அடித்து என் அப்பாவின் வண்டியில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

துணியை எடுத்துப் போர்த்துவதற்குள் அப்பா வந்துவிட்டார்.

கைத்தடியை ஊன்றி வண்டியைச் சுற்றி வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார். முன்பக்கம் இடது சக்கரத்தில் குனிந்து, பெருவிரலால் விளிம்பைத் தடவினார். விரல் வெட்டில் நின்றது. சிரிப்பும் நின்றது. அடுத்த சக்கரத்துக்குப் போனார். தடவினார். அடுத்தது. அடுத்தது. அம்மா கற்பூரத்தட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"நாலும் எப்பம்மா இடிச்சேன்?" என்றார் அப்பா.

"நீ இடிக்கலப்பா. இது புது சக்கரம். பட்டறைல தப்பா கடஞ்சிட்டாங்க. நான் மாத்தித் தர்றேன்."

அவர் கேட்கவில்லை. பதற்றமாகத் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினார்.

"ஐயா கைல குடுத்துடு. நானே வந்து சொல்றேன்னு சொல்லு. ஒளிக்க மாட்டேன்."

"ஐயா இல்லப்பா. வண்டி உன்னுது. உன் பேர்ல கீது."

அவர் என்னை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார், நான்தான் எல்லாவற்றையும் மறந்துவிட்டவள் மாதிரி.

"என்னுதா இருந்தா நாலையும் இப்படி இடிச்சிருப்பனா?"

பக்கெட்டும் துணியும் கேட்டார். அம்மா அழுதுகொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். முக்காலியில் உட்கார்ந்து, நன்றாக இருந்த கையால், ஒரு தூசு கூட இல்லாத புதுச் சக்கரங்களைக் கழுவினார். கழுவி முடித்ததும், "வண்டிய கொஞ்சம் உருட்டு" என்றார். உருட்டினேன். முன் சக்கரத்து வெட்டு தரைக்குப் போனது, பின் சக்கரத்து வெட்டு மேலே வந்தது. "பின்னால தள்ளு" என்றார். தள்ளினேன். அது இறங்கியது, இது ஏறியது. எவ்வளவு உருட்டினாலும் ஏதாவது ஒன்று வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. அம்மா வைத்த எலுமிச்சம்பழம் இரண்டு அதில் நசுங்கின. வெயில் ஏறும்வரை உருட்டிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை பட்டறைக்காரருக்குப் போன் பண்ணினேன். காய்ச்சி எடுக்க வேண்டும் என்றுதான் நம்பரைப் போட்டேன்.

"வால்வு ஓட்டைக்கு நேர் எதுருக்க இருந்துச்சி மேடம். எடைய சரி பண்றதுக்கு வச்ச பேலன்ஸ் மார்க்குன்னு நெனச்சிட்டோம்" என்றார். அப்புறம் சொன்னார், "சந்தேகமாதான் இருந்துச்சி. உங்கள கேக்கலாம்னு போன கைல எடுத்தேன். யார் யோசிக்க சொன்னதுன்னு கேப்பீங்களேன்னு வச்சிட்டேன்."

அவரே, வேற செட்டு கடைந்து தருகிறேன், வெட்டில்லாமல் தருகிறேன் என்றார். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அன்று அவருக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்ததா, இல்லையா, எனக்குத் தெரியாது.

"இடிச்சவன் நானு. மாத்தி வச்சி ஏமாத்த சொல்றியா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் சுவரில் கால் வைக்கவில்லை. பயிற்சிக்காரர் வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார். கைத்தடியிலிருந்து வாக்கருக்கும், வாக்கரிலிருந்து கட்டிலுக்கும் வந்த வழியே திரும்பினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுவரில் இருக்கும் பாத அச்சைத் துடைக்க மட்டும் யாரையும் விடுவதில்லை.

காலையில் கண் விழித்ததும் அப்பா கேட்பது ஒன்றுதான். "வண்டில வெட்டு தெரியுதா?" சும்மா இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார். ஜன்னல் வழியாக அவருக்கு அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களும் நன்றாகத் தெரியும். தெரிந்துவிட்டால் அன்று முழுவதும் ஐயாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்திருக்கப் பார்ப்பார்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் ஜாக்கியை எடுத்தேன். ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, கையால் சுற்றி, வெட்டு சரியாகத் தரையில் படும்படி வைத்து இறக்கினேன். நாலையும். வால்வு உச்சியில் நேராக நிற்கிறதா என்று மட்டம் வைத்துக்கூடப் பார்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு துல்லியமாக எதையும் செய்ததில்லை. அப்பாவைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இப்ப சரி" என்றார். அன்று நன்றாகத் தூங்கினார்.

இனி வண்டியை ஒரு சாண் நகர்த்தினாலும் எல்லாம் வெளியே வந்துவிடும். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்து அடைத்துவிட்டேன்.